பதினேழாம் நாளும் அவளுக்குச் சாப்பாடு கொடுங்கள்

(அறுப்பின் பண்டிகையை ஒட்டி நடைபெற்ற பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில், நமது மருத்துவமனையின் மகளிர் பிரிவு சார்பாகப் பேசப்பட்டது. அன்று வர இயலாத அன்பர்களுக்காக இங்கே தருகிறோம்.)



இன்று காலை ஆராதனையில் பலிபீடத்தின் முன்னால் நீங்கள் கொண்டுவந்து வைத்ததையெல்லாம் பார்த்தோம். பூசணிக்காய், வாழைத்தார், கேழ்வரகு, ஒரு சிறு மூட்டை கறுப்பு உளுந்து, எள்ளு, முட்டை, முருங்கைக்காய்க் கட்டு. அந்த முருங்கைக்காய்க் கட்டை, ஆலயத்துக்குத்தானே போகிறது என்று கடை விலையைப்போல் ஐந்து மடங்கு சொல்லி ஏலத்தில் எடுத்த அண்ணன் இப்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் நன்றி.

இன்றைக்கு நாங்கள் பேச வந்தது அந்தப் பொருள்களைப்பற்றித்தான். ஆலயத்துக்குக் கொண்டுவரும் அதே உளுந்தும் எள்ளும் கீரையும் முட்டையும் நம் வீட்டுப் பெண்பிள்ளைகளின் தட்டுக்கு எவ்வளவு வந்து சேருகிறது? அது வந்து சேராததினால் அவர்கள் உடம்பில் என்ன நடக்கிறது? இதுவே எங்கள் கேள்வி. மாதவிடாயைப்பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. அதனால் ஆண்கள் எழுந்துபோக வேண்டாம். இது உங்கள் வீட்டுக் காரியமும்தான்.

பன்னிரண்டு வயதும் பன்னிரண்டு வருஷமும்

மாற்கு சுவிசேஷம் 5-ஆம் அதிகாரத்தை நீங்கள் பலமுறை வாசித்திருப்பீர்கள். யவீருவின் மகளுக்கு வயது 12. அவளைப் பார்க்க ஆண்டவர் போகும் வழியில் கூட்டத்துக்குள் வந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்ட ஸ்திரீக்கு 12 வருஷமாக உதிரப்போக்கு. ஒருத்தி பெண்மையின் வாசலில் நிற்கிறவள். மற்றவள் அந்தப் பெண்மையினாலேயே வதைபட்டு, வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தவள். இருவரையும் நற்செய்தியாளர் ஒரே கதைக்குள் வைத்திருக்கிறார்.

நாங்கள் மருத்துவமனையில் வேலை செய்கிறவர்களானபடியால் அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் எங்களை எப்போதும் நிறுத்திவிடும். மரித்துப்போன பிள்ளை எழுந்து நடக்கிறாள். எல்லாரும் பிரமித்து நிற்கிறார்கள். அப்போது அந்தப் பிள்ளைக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி ஆண்டவர் சொல்லுகிறார். அற்புதம் நடந்த வீட்டில் அடுப்பை நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவரே. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் இடையே போட்டி இல்லை என்பதை நாங்கள் அந்த வசனத்தில்தான் கற்றுக்கொண்டோம். ஆனால் அதைச் சரியாகக் கற்றுக்கொள்ள எங்களுக்கு ஒரு தாய் தேவைப்பட்டாள்.

நாங்கள் கொடுத்த தாள்

ஒரு நாள் ஒரு தாய் தன் 17 வயது மகளை அழைத்து வந்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பம். மகளுக்கு நாலு மாதமாகத் தீட்டு வரவில்லை. முகத்தில் பருவும் தாடையில் மெல்லிய முடியும் இருந்தன. வெளியில் எடுத்த ஸ்கேனில் ‘சினைப்பை நீர்க்கட்டி’ என்று எழுதியிருந்தது. பக்கத்து வீட்டில் யாரோ, கட்டி இருக்கிற பிள்ளைக்குக் குழந்தை பிறக்காது என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தாய் வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்திருக்கிறார்கள்.

எங்கள் டாக்டரம்மா பரிசோதித்து, பயப்படவேண்டியதில்லை என்று விளக்கிச் சொல்லி, உணவு முறையால் நல்ல பலன் கிடைக்கும் என்று ஒரு அச்சடித்த தாளைக் கொடுத்தார்கள். அந்தத் தாளைத் தயாரித்தது நாங்கள்தான். ஓட்ஸ், ஆப்பிள், பாதாம், ஆலிவ் எண்ணெய், ஆளிவிதை, பிராக்கோலி. அழகான எழுத்தில், படங்களோடு இருந்தது.

அந்தத் தாய் எழுத்துக்கூட்டி வாசித்தார்கள். பிறகு மெதுவாகக் கேட்டார்கள்: “டாக்டரம்மா, இதுல எங்க ஊர்க் கடையில எது கெடைக்கும்?”

எங்களில் யாருக்கும் பதில் வரவில்லை. அவர்கள் அந்தத் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார்கள். அப்போது அங்கே நின்ற எங்கள் மூத்த சிஸ்டர் ஒருவர், “கொஞ்சம் உட்காருங்கம்மா. இவ பெரியவளானப்போ வீட்டுல என்ன குடுத்தீங்க?” என்று கேட்டார்கள்.

அந்தத் தாயின் முகமே மாறிவிட்டது. “தாய்மாமன் வீட்டுல கறுப்பு உளுந்து வாங்கிட்டு வந்தாங்க சிஸ்டர். தெனம் காலையில களி கிண்டி, கருப்பட்டி போட்டு, நல்லெண்ண ஊத்திக் குடுத்தோம். முட்ட குடுத்தோம். பதினாறு நாளும் ஒரு கொறையும் வைக்கல.”

“நல்லதும்மா. பதினேழாம் நாளு?”

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்கள்: “பதினேழாம் நாளு பள்ளிக்கூடம் போயிட்டா. காலையில டீயும் ரெண்டு பன்னும். மத்தபடி அவங்க அப்பாவுக்கும் தம்பிக்கும் போக இருக்கிறத நாங்க ரெண்டு பேரும் சாப்பிட்டுக்குவோம்.”

அன்றைக்கு அந்தத் தாளைக் கிழித்தோம். தாள் பொய் சொல்லவில்லை. ஆனால் அது எங்களுக்காக எழுதிய தாளாயிருந்தது, அவர்களுக்காக எழுதியதல்ல. அதற்குப் பின் எங்கள் மகளிர் பிரிவுக்கு வரும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் தாயிடமும் அந்தச் சிஸ்டர் கேட்ட இரண்டு கேள்விகளையும் கேட்கிறோம். இன்று உங்களிடமும் அதையே கேட்க வந்திருக்கிறோம்.

ஹார்மோன் என்பது ஒரு கடிதம்

ஹார்மோன் என்ற சொல்லை இன்று எல்லாரும் சொல்லுகிறார்கள். அது என்ன? உடம்பின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்கு எழுதும் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரத்தம்தான் தபால்காரர். மூளையின் அடியில் பட்டாணி அளவில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி சினைப்பைக்குக் கடிதம் எழுதுகிறது. சினைப்பை ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற கடிதங்களைக் கர்ப்பப்பைக்கு அனுப்புகிறது. கழுத்திலுள்ள தைராய்டு, உடம்பு முழுவதும் வேலை எந்த வேகத்தில் நடக்கவேண்டும் என்று எழுதுகிறது. கணையம் இன்சுலினை அனுப்பிச் சர்க்கரையை வேலைக்கு அனுப்புகிறது.

கடிதம் எழுதக் காகிதமும் மையும் வேண்டுமல்லவா? அவை சாப்பாட்டிலிருந்து வருகின்றன. தைராய்டு ஹார்மோனுக்கு அயோடின் வேண்டும். இன்சுலின் புரதத்தினால் ஆனது. ஈஸ்ட்ரோஜன் கொழுப்புப் பொருளிலிருந்து உண்டாகிறது. வீட்டில் சாப்பாடு மிகவும் குறைந்துவிட்டால் மூளை, இது பிள்ளை பெறும் காலமல்ல என்று முடிவுசெய்து மாதவிடாயையே நிறுத்திவிடும். மெலியவேண்டும் என்று பட்டினி கிடக்கும் கல்லூரிப் பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறோம். மறுபக்கம், மாவுப்பண்டமும் சர்க்கரையும் மிஞ்சி, உடம்பு அசையாமல் இருந்தால் இன்சுலின் கடிதங்கள் குவிந்து, சினைப்பைக்குப் போகவேண்டிய செய்தி குழம்பிவிடுகிறது.

ஆகவே சாப்பாட்டுக்கும் ஹார்மோனுக்கும் உறவு உண்டு. ஆனால் ஒரு விதையோ ஒரு கஷாயமோ எல்லா ஹார்மோனையும் சீராக்கும் என்று கைபேசி வீடியோக்களில் சொல்லப்படுகிறதே, அதற்குப் போதிய ஆதாரம் இல்லை. மாதத்தின் முதல் பாதியில் இந்த விதை, அடுத்த பாதியில் அந்த விதை என்று விலை கொடுத்து வாங்கும் பிள்ளைகளைப் பார்க்கிறோம். அந்தப் பணத்தில் அவர்களுக்குத் தினம் ஒரு முட்டை வாங்கலாம்.

உளுந்தங்களியின் ஞானம்

நம் பாட்டிமார்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெயரைக் கேட்டதில்லை. ஆனாலும் பெண்பிள்ளை பெரியவளாகும் நாளில் வீட்டின் நல்ல சாப்பாடு அவளுக்குப் போகவேண்டும் என்பதை அறிந்திருந்தார்கள். ஒன்பது நாளோ, பதினோரு நாளோ, பதினாறு நாளோ, அந்த நாட்களில் அவள் கடைசியாகச் சாப்பிடுவதில்லை. முதலில் சாப்பிடுகிறாள்.

தோலோடு கூடிய கறுப்பு உளுந்தையும் அதில் பாதி பச்சரிசியையும் வாசம் வரும்வரை வறுத்து மாவாக்கிக்கொள்ளுங்கள். கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, மாவைக் கட்டி விழாமல் தூவிக் கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, சட்டியில் ஒட்டாமல் வரும்போது இறக்கினால் களி. உங்களுக்குத் தெரியாததை நாங்கள் சொல்லவில்லை. இதில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்லுகிறோம். 100 கிராம் உளுத்தம்பருப்பில் சுமார் 23 கிராம் புரதம் இருக்கிறது. தோலோடு சேரும்போது நார்ச்சத்தும் உண்டு. நல்லெண்ணெய் கொழுப்பைத் தருகிறது. வளரும் பிள்ளைக்கு இது நல்ல ஆகாரம்.

இரண்டு எச்சரிப்புகள். முதலாவது, பச்சை முட்டையைக் குடிக்கச் சொல்லாதீர்கள். அதில் கிருமி இருக்கக்கூடும். வேகவைத்துக் கொடுங்கள். இரண்டாவது, கருப்பட்டியும் சர்க்கரைதான். எடை கூடின பிள்ளைக்கும், சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கும் களியைவிட நம் திருநெல்வேலிச் சீமையின் உளுந்தஞ்சோறு நல்லது. அரிசியைக் குறைத்து, கறுப்பு உளுந்தைக் கூட்டி, பூண்டும் வெந்தயமும் தேங்காயும் போட்டுப் பொங்கி, எள்ளுத் துவையலோடு சாப்பிடுவது. எள்ளில் சுண்ணாம்புச் சத்து மிக அதிகம். பழைய ஆட்கள் இந்த இரண்டையும் சேர்த்து வைத்தது தற்செயலாக இருக்கமுடியுமா?

நீர்க்கட்டி என்ற பயம்

அந்த 17 வயது மகளிடம் திரும்ப வருவோம். நீர்க்கட்டி என்ற பெயரே பாதி நோயை உண்டாக்கிவிடுகிறது. அது நாம் நினைக்கும் கட்டி அல்ல. முதிர்ந்து வெளிவரவேண்டிய சினைமுட்டைகள் பாதியில் நின்றுபோக, அவற்றின் சிறு பைகள் ஸ்கேனில் மணி மணியாகத் தெரிகின்றன. அவ்வளவுதான். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்களில் 100-க்குச் சுமார் 10 பேருக்கு, அல்லது அதற்கும் கூடுதலானவர்களுக்கு இது உண்டு. அவர்களில் பெரும்பாலோருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. இது இருந்தும் பிள்ளை பெற்ற தாய்மார்கள் நம் சபைகளிலேயே இருக்கிறார்கள்.

எடை கூடியிருந்தால், அதில் 100-க்கு 5 முதல் 10 பங்கு குறைந்தாலே பலருக்கு மாதவிடாய் சீராகிறது. இதற்கென்று தனி உணவு ஒன்றும் இல்லை. 2023-இல் வெளிவந்த சர்வதேச வழிகாட்டு நெறிகளும், ஒரு உணவு முறையைவிட இன்னொன்று சிறந்தது என்பதற்கு ஆதாரமில்லை, சமச்சீரான எந்த உணவும் நல்லதே என்றுதான் சொல்லுகின்றன. ஆகவே ஆப்பிள் வாங்கப் பணமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். கொய்யா போதும்.

அந்தக் குடும்பத்துக்கு நாங்கள் சொன்னது இவ்வளவுதான். காலையில் பன்னுக்குப் பதில் கேழ்வரகுக் கூழோ, இரவில் ஊறவைத்து அவித்த பயறோ. மத்தியானம் சோற்றைக் குறைத்து, பருப்பையும் கீரையையும் கூட்டுவது. சாயங்காலம் வடைக்குப் பதில் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலை. டீயில் சீனியைக் குறைப்பது. மடியில் சுளகை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளை தினம் அரை மணி நேரமாவது வேகமாக நடப்பது. தாயும் கூடவே நடந்தார்கள்.

எட்டு மாதத்தில் 70 கிலோவிலிருந்த பிள்ளை 66 ஆனாள். ஐந்தாம் மாதத்திலிருந்து தீட்டு வரத் தொடங்கியது. நாங்கள் இதை அற்புதமென்று எழுதவில்லை. எல்லாருக்கும் இப்படி நடப்பதும் இல்லை. சிலருக்கு மாத்திரையும் தேவைப்படுகிறது. அவளும் இன்னமும் பரிசோதனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறாள். ஆனால் வரும்போது அந்தத் தாய் அழுதுகொண்டு வருவதில்லை.

அதிகம் தேவைப்படுகிறவள் கடைசியில் சாப்பிடுகிறாள்

இரத்தசோகையைப்பற்றி ஒரு கணக்கு சொல்லுகிறோம். 2019 முதல் 2021 வரை எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. இந்தியா முழுவதிலும் 57 பேருக்கு. இந்த மண்டபத்தில் பெஞ்சுக்கு நாலு பெண்களாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பெஞ்சுக்கு இரண்டு பேர் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

2020-இல் நமது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட பட்டியலின்படி ஆணுக்கு ஒரு நாளைக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும். பெண்ணுக்கு 29. மாதந்தோறும் இரத்தம் போவதினால் பெண்ணுக்குத்தான் அதிகம் தேவை. நம் வீடுகளில் யார் முதலில் சாப்பிடுகிறார்கள்? மீன் குழம்பில் மீன் யார் தட்டுக்குப் போகிறது, வெறும் குழம்பு யார் தட்டுக்கு வருகிறது? அண்ணன்மாரே, உங்களைக் குற்றப்படுத்த இதைச் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் இப்படித்தான் இருந்தது.

முருங்கைக்கீரை, கருவாடு, நெத்திலி, ஈரல், முட்டை, பயறு, கேழ்வரகு ஆகிய இவையெல்லாம் நம் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடம்பில் சேர, கூடவே புளிப்பு வேண்டும். ஒரு மூடி எலுமிச்சம்பழம், ஒரு நெல்லிக்காய் அல்லது ஒரு கொய்யாப்பழம் போதும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பு சேராமல் போய்விடும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். பள்ளியில் வாரம் ஒரு தரம் கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் தூர எறியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். இரத்த அளவு மிகவும் குறைந்தவளுக்கு முருங்கைக்கீரை மட்டும் போதாது.

பீட்ரூட்டும் தைராய்டும்

இன்னொரு சகோதரியின் காரியம் எங்களுக்கு இன்னும் வலிக்கிறது. வயது நாற்பதுக்குள். இரண்டு வருஷமாக மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. களைப்பு, முடி கொட்டுதல், குரல் கம்மல், எடை கூடுதல். வெட்கத்தினால் யாரிடமும் சொல்லவில்லை. இரத்தம் ஊறும் என்று பீட்ரூட்டும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டு வந்தார்கள். படியேற முடியாமல் மூச்சு வாங்கியபோது வந்து சேர்ந்தார்கள். இரத்த அளவு 12 இருக்கவேண்டிய இடத்தில் 6 இருந்தது. பரிசோதித்தபோது தைராய்டு சுரப்பு மிகவும் குறைந்திருந்தது. தைராய்டு குறைந்தால் உதிரப்போக்கு அதிகமாகும். ஓட்டையை அடைக்காமல் குடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். 12 வருஷம் பாடுபட்ட அந்த ஸ்திரீயை அன்றைக்கு நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவர்களுக்கு இரத்தம் ஏற்றி, தைராய்டு மாத்திரையும் இரும்புச்சத்தும் கொடுத்து, கர்த்தருடைய கிருபையால் நலமானார்கள். ஆனால் மூன்று மாதம் கழித்து மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். யாரோ ஒருவர், கொத்தமல்லித் தண்ணீர் குடித்தால் போதும் என்று சொல்லியிருக்கிறார்கள். மறுபடியும் அதே உதிரப்போக்கு, அதே படுக்கை.

ஆகவே தைராய்டைப்பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அயோடின் இல்லாவிட்டால் தைராய்டு ஹார்மோன் உண்டாகாது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். கர்ப்பிணிக்கு 250. ஒருவர் 70 வருஷம் உயிரோடிருந்தாலும் மொத்தத்தில் 4 கிராம்கூடத் தேவைப்படாது. ஆனால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர அது இல்லாமல் முடியாது. இன்றைய இமாசலப் பிரதேசத்திலுள்ள காங்க்ரா பள்ளத்தாக்கில் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் அவரது குழுவினரும் 1956-இல் தொடங்கிய ஆய்வில், உப்பில் அயோடின் சேர்த்துக் கொடுத்தபோது கழுத்துக்கழலை குறைந்ததைக் கண்டார்கள். 1962-இல் அது தேசியத் திட்டமாயிற்று.

நம் தூத்துக்குடி உப்பளங்களிலிருந்து தேசத்துக்கே உப்பு போகிறது. ஆனாலும் சாக்கிலிருந்து அளந்து விற்கும் கல்லுப்பில் அயோடின் இருக்கும் என்ற நிச்சயமில்லை. இந்துப்பு உடம்புக்கு நல்லது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இதைக் கவனிக்கவேண்டும். உறையில் அயோடின் கலந்தது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மூடியுள்ள பாத்திரத்தில் வையுங்கள். சமையல் முடியும்போது போடுங்கள். அதிகம் போடாதீர்கள்.

ஆனால் ஏற்கெனவே தைராய்டு நோய் வந்தவளை உப்பு குணமாக்காது. அவளுக்கு மாத்திரைதான். வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டு, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்தே காப்பியும் சாப்பாடும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளை நாலு மணி நேரம் தள்ளிப் போடவேண்டும். முட்டைக்கோசும் காலிபிளவரும் கூடாது என்று பயமுறுத்துகிறார்கள். வேகவைத்து அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாது. அந்தச் சகோதரி இப்போது தவறாமல் மாத்திரை போடுகிறார்கள். கொத்தமல்லியை ரசத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள்!

தாய்மார்களுக்கும் பாட்டிமார்களுக்கும்

மாதவிடாய் நிற்கும் வயது நம் நாட்டில் பெரும்பாலும் 46, 47. ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. திடீரென உடம்பு காந்துகிறது, வியர்க்கிறது, தூக்கம் வருவதில்லை, எரிச்சல் வருகிறது. வீட்டிலுள்ளவர்கள் அதைக் குணக்கேடு என்று நினைக்கவேண்டாம். எலும்பும் சத்திழக்கத் தொடங்குகிறது. இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முருங்கைக்கீரை, எள்ளு, மோர், முள்ளோடு சாப்பிடும் சிறு மீன் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் நடப்பதும் வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வாருங்கள். அது புற்றுநோயின் முதல் அடையாளமாயிருக்கலாம். சீக்கிரம் வந்தால் குணமாக்க வழியுண்டு.

கதவு திறந்திருக்கிறது

ஐடா ஸ்கடர் அம்மையாரின் சரித்திரம் உங்களுக்குத் தெரியும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். மூன்று வீடுகளிலும் பிரசவ வேதனை. ஆண் மருத்துவரை உள்ளே விட அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. விடியும்போது மூன்று பெண்களும் மரித்திருந்தார்கள். அந்த இளம்பெண் மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பி வந்து வேலூரில் ஊழியத்தைத் தொடங்கினார்கள். இன்றைக்குப் பெண் மருத்துவர்கள் இருக்கிறார்கள், மருத்துவமனைகளும் இருக்கின்றன. கதவு திறந்துவிட்டது. ஆனால் வெட்கம் இன்னும் வாயைப் பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பூட்டை டாக்டர்களால் திறக்கமுடியாது. தாயும் அத்தையும் பாட்டியும்தான் திறக்கமுடியும்.

நீங்கள் அனுப்பின காணிக்கையால் மகளிர் பிரிவின் பின்புறத்தில் ஒரு சிறு சமையலறை கட்டியிருக்கிறோம். ஒரு அடுப்பு, ஒரு அம்மி, நாலு சட்டி, உட்கார இரண்டு பெஞ்சு. பரிசோதனைக்கு வரும் பெண்கள் காத்திருக்கும் நேரத்தில் அங்கே உளுந்தஞ்சோறும் கீரையும் சமைத்து, அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம். அச்சடித்த தாள் இப்போது இல்லை. ரேஷன் கடைப் பருப்பையும் கொல்லையில் நிற்கும் முருங்கையையும் வைத்து என்ன செய்யலாம் என்று அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கிறார்கள். சிஸ்டர்கள் கேட்டுக் கற்றுக்கொள்ளுகிறார்கள். இன்று ஏலத்தில் எடுக்காமல் மீந்த உளுந்தும் கேழ்வரகும் அந்தச் சமையலறைக்கே வருகிறது என்று ஐயரவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக நன்றி செலுத்துகிறோம்.

எங்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள். இரத்தப் பரிசோதனைக்குப் பணமில்லாமல் பாதி வழியில் நின்றுவிடும் சகோதரிகளுக்காகவும், சொல்ல வெட்கப்பட்டு வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். மாத்திரையை நிறுத்தின அந்தச் சகோதரியிடம் முன்னமே இன்னும் பொறுமையாய் விளக்கிச் சொல்லத் தவறின எங்களுக்காகவும் ஜெபியுங்கள்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். இரவுச் சாப்பாட்டில் முட்டையோ மீனோ இருந்தால், முதலாவது உங்கள் மகளின் தட்டில் வையுங்கள். அடுத்ததை அவளுடைய தாயின் தட்டில் வையுங்கள். அவர்களுடைய பதினாறு நாள் எப்போதோ முடிந்துபோயிற்று. யவீருவின் வீட்டில் ஆண்டவர் சொன்னது ஒரு நாளைக்கு மட்டும் சொன்னதல்ல என்று நாங்கள் விசுவாசிக்கிறோம்.

கர்த்தர் உங்களையும் உங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளையும் நல்ல சுகத்தோடு காத்துக்கொள்வாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மகளிர் பிரிவு ஊழியர்கள்